பிங்க் ஃபிளாய்ட்: லைவ் அட் பொம்பெய்

பிங்க் ஃபிளாய்ட்: லைவ் அட் பொம்பெய் என்பது பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சியைப் பதிவு செய்த இசைத் திரைப்படம் ஆகும். ஏட்ரியன் மேபன் இதனை இயக்கினார். இதன் முதன்மைப் பகுதிகள் 1971 அக்டோபர் மாதத்தில், இத்தாலியில் உள்ள பண்டைய உரோம நகரமான பொம்பெயின் திறந்தவெளி அரங்கில் படமாக்கப்பட்டன. எஞ்சிய பாடல்கள் அதே ஆண்டின் டிசம்பரில் பாரிசு நகரில் உள்ள ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் எடுக்கப்பட்டன. திரைப்படம் 1972 செப்டெம்பரில் எடின்பரோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

ஏனைய இசைநிகழ்ச்சித் திரைப்படங்களிலிருந்து இப்படத்தை வேறுபடுத்துவது, இதில் பார்வையாளர் எவரும் இல்லை என்பதாகும். சுமார் 20,000 பேர் அமரக்கூடிய அரங்கு வெறுமையாக இருக்க, அதன் நடுவில் நால்வர் இசைக்கின்றனர். இதனால் படத்தைப் பார்ப்பவர் முன்பே நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியை வெளியிலிருந்து காண்பவராக அல்லாமல், அந்நிகழ்ச்சியின் ஒரே பார்வையாளராக ஆகிறார். வீட்டில் தனியே பார்ப்பதற்கு ஏற்ற இசைப்படமாக இது கருதப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும். எனினும் வீட்டுப் பயன்பாட்டுக்கு வெளியான பதிப்புகள் நீளத்திலும், காட்சிகளிலும், ஒலியிலும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. ஆகவே எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்பது இப்படத்தைப் பொறுத்தவரை முக்கியமானது.

பின்னணி

பிங்க் ஃபிளாய்ட் குழு 1965 ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றியது. குழுவின் தொடக்ககாலப் பாடலாசிரியரும் கிட்டார் கலைஞருமான சிட் பேரட் 1968 இல் விலகினார். அதன் பின்னர் ரோஜர் வாட்டர்ஸ் (பாஸ் கிட்டார்), டேவிட் கில்மர் (கிட்டார்), ரிச்சர்ட் ரைட் (விசைப்பலகை), நிக் மேசன் (டிரம்ஸ்) ஆகிய நால்வர் குழுவைத் தொடர்ந்து நடத்தினர். குறுகிய பாடல்களை விட, இருபது நிமிடங்கள் வரை நீளும் இசைக்கோவைகளை மேடையில் வளர்த்தெடுப்பதில் இவர்கள் அக்காலத்தில் ஈடுபட்டிருந்தனர். மெடில் என்னும் இசைத்தொகுப்பும் அதில் இடம்பெற்ற எக்கோஸ் என்னும் 23 நிமிட இசைக்கோவையும் இம்முயற்சியின் விளைவுகளாகும். பொம்பெய் படப்பிடிப்பு நடந்தபோது மெடில் இன்னும் வெளியாகியிருக்கவில்லை.

மேபன் முதலில் முன்வைத்த திட்டம் வேறு. குழுவின் இசையைத் தற்கால ஓவியங்களுடன் இணைத்து ஒரு படம் எடுக்க அவர் விரும்பினார். அத்திட்டம் ஏற்கப்படவில்லை. 1971 கோடையில் இத்தாலிக்கு விடுமுறைக்குச் சென்றிருந்த அவர் பொம்பெயைச் சுற்றிப் பார்த்தார். தம்முடைய கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டதாக எண்ணி, அதைத் தேடி மாலை நேரத்தில் அரங்கிற்குத் திரும்பியபோது, ஆள் இல்லாத அவ்விடத்தின் அமைதியும் எதிரொலியும் அவரை ஈர்த்தன. இங்கேயே, பார்வையாளர் இன்றி, குழுவை இசைக்கச் செய்யலாம் என்னும் எண்ணம் அப்போது உருவானதாக அவர் பின்னர் கூறியுள்ளார்.

அக்காலத்தில் இது வழக்கத்திற்கு மாறான எண்ணம். 1970 இல் வெளியான உட்ஸ்டாக், கிம்மி ஷெல்டர் ஆகிய இசைப்படங்களில் பெருங்கூட்டமும் ஒரு பாத்திரமாகவே இருந்தது. ஒன்றில் அக்கூட்டத்தின் மகிழ்ச்சியும் மற்றொன்றில் அதன் வன்முறையும் கதையின் மையமாயின. அவ்வகைப் படங்களுக்கு நேர் எதிரான ஒன்றை எடுப்பதே மேபனின் நோக்கமாக இருந்தது.

அரங்கு

பொம்பெயின் அரங்கு ஆம்பிதியேட்டர் எனப்படும் வகையைச் சேர்ந்தது. நீள்வட்ட வடிவிலான மணற்களத்தைச் சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள் அமைந்திருக்கும். கி.மு. 70 அளவில் கட்டப்பட்ட இது, கல்லால் அமைந்த உரோம ஆம்பிதியேட்டர்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழமையானது. வெளிப்புற அளவு சுமார் 135 மீட்டர் நீளமும் 104 மீட்டர் அகலமும் ஆகும். கிளாடியேட்டர் எனப்படும் வாள்வீரர்களின் சண்டைகள் இங்கு நடைபெற்றன. கி.பி. 59 இல் பொம்பெய் மக்களுக்கும் அண்டை நகரான நுக்கேரியாவைச் சேர்ந்தவர்களுக்கும் இடையே இங்கு கலவரம் மூண்டு உயிரிழப்புகள் நேர்ந்தன. அதனைத் தொடர்ந்து உரோம செனட் அவை இவ்வகை நிகழ்ச்சிகளுக்குப் பத்தாண்டுகள் தடை விதித்தது. கி.பி. 79 இல் வெசுவியசு எரிமலை வெடித்தபோது நகரத்துடன் அரங்கும் சாம்பலில் புதைந்தது.

மண்ணடியில் இருந்ததாலேயே இதன் அமைப்பு பெருமளவு சிதையாமல் நிலைத்தது. அரங்கின் கிண்ணம் போன்ற வடிவம் ஒலியைத் திருப்பி அனுப்பும் தன்மை கொண்டது. எனவே திறந்தவெளியில் எடுக்கப்பட்டபோதிலும், இயல்பான எதிரொலி கொண்ட ஓர் இடத்தில் இப்படம் பதிவாகியது.

படப்பிடிப்பு

பழம்பொருட்களுக்குச் சேதம் நேரும் என்னும் அச்சத்தால் அரங்கைப் பயன்படுத்த அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் உதவியால் சில நாட்களுக்கு மட்டும் அனுமதி பெறப்பட்டது. குழுவினர் ஒரு நிபந்தனை விதித்தனர். முன்பே பதிவு செய்த ஒலிக்கு வாயசைத்து நடிக்க அவர்கள் உடன்படவில்லை. இசை முழுவதும் களத்திலேயே இசைக்கப்பட்டுப் பதிவாக வேண்டும் என்றனர். ஆகையால் மேடை நிகழ்ச்சிகளில் அவர்கள் பயன்படுத்திய ஒலிபெருக்கிகள், ஆம்ப்ளிஃபயர்கள், ஒலிப்பதிவுக் கருவிகள் அனைத்தும் இலண்டனிலிருந்து சரக்குந்தில் தரைவழியே கொண்டுவரப்பட்டன.

கருவிகள் வந்து சேர்ந்த பின்னர் மின்சாரம் தடையானது. அரங்கில் கிடைத்த மின்னாற்றல் இவ்வளவு கருவிகளுக்குப் போதவில்லை. இறுதியில் நகரத்திலிருந்து தெருக்கள் வழியே நீண்ட மின்கம்பி இழுக்கப்பட்டுச் சிக்கல் தீர்க்கப்பட்டது. இதற்குள் கிடைத்திருந்த நாட்களில் ஒரு பகுதி வீணாகிவிட்டது. எஞ்சிய நாட்களில் மூன்று இசைக்கோவைகள் மட்டுமே படமாக்கப்பட்டன. அருகிலுள்ள எரிமலை நிலப்பகுதியில், கொதிக்கும் சேற்றுக்கும் புகைக்கும் இடையே குழுவினர் நடந்து செல்லும் காட்சிகளும் எடுக்கப்பட்டன.

படத்தை முழுமையாக்கப் போதிய காட்சிகள் இல்லாததால், 1971 டிசம்பரில் பாரிசில் மேலும் மூன்று பாடல்கள் படமாக்கப்பட்டன. அங்கு குழுவினருக்குப் பின்னால் பொம்பெய், எரிமலை ஆகியவற்றின் காட்சிகள் திரையில் காட்டப்பட்டன. இரண்டு பகுதிகளையும் வேறுபடுத்தி அறிவது எளிது. பொம்பெயில் தாடியுடன் காணப்படும் ரைட், பாரிசுக் காட்சிகளில் தாடியின்றித் தோன்றுகிறார்.

இடம்பெற்ற இசைக்கோவைகள்

எக்கோஸ் (பொம்பெய்): நடுவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, முதற்பகுதி படத்தின் தொடக்கத்திலும் இரண்டாம் பகுதி முடிவிலும் இடம்பெறுகின்றன. சுழலும் ஒலிபெருக்கி வழியே செலுத்தப்பட்ட ஒற்றைப் பியானோ சுரத்துடன் தொடங்குகிறது.

கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜின் (பாரிசு): மிக மெல்லிய ஒலியில் தொடங்கி, வாட்டர்ஸின் அலறலுடன் திடீரென உச்சத்தை எட்டுகிறது. அவ்விடத்தில் எரிமலைக் குழம்பு வெடிக்கும் காட்சிகள் காட்டப்படுகின்றன.

எ சோசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ் (பொம்பெய்): 1968 இல் வெளியான இசைக்கோவை. வெயிலில் வாட்டர்ஸ் பெரிய வெண்கலச் சேகண்டியை அடிக்கும் காட்சி இப்படத்தின் மிகவும் அறியப்பட்ட காட்சிகளுள் ஒன்று.

ஒன் ஆஃப் தீஸ் டேஸ் (பொம்பெய்): பெரும்பகுதி மேசனை மட்டுமே காட்டுகிறது. ஏனையோரைப் படம்பிடித்த சுருள்கள் தொலைந்து போனதே இதற்குக் காரணம். வேகமாக அடிக்கும்போது மேசனின் கையிலிருந்து ஒரு குச்சி நழுவுவதும், தாளம் தவறாமல் அவர் வேறொன்றை எடுத்துக்கொள்வதும் படத்தில் அப்படியே உள்ளன.

செட் த கண்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன் (பாரிசு): வாட்டர்ஸ் எழுதியது, 1968 இல் முதலில் வெளியானது.

மடமொய்செல் நோப்ஸ் (பாரிசு): கில்மர் மவுத் ஆர்கன் வாசிக்க, ரைட் ஒலிவாங்கியைப் பிடித்திருக்க, ஒரு நாய் ஊளையிட்டுப் பாடுகிறது. மெடில் தொகுப்பிலுள்ள சீமஸ் என்னும் பாடலின் மறுவடிவம் இது.

பார்வையாளர் இன்மையின் விளைவுகள்

வழக்கமான இசைப்படத்தில் படக்கருவி இரண்டு இடங்களுக்கு இடையே மாறி மாறிச் செல்லும். ஒன்று மேடை, மற்றொன்று கூட்டம். பாடகர் ஓர் உச்சத்தை எட்டியவுடன் கையுயர்த்தும் முகங்கள் காட்டப்படும். ஒரு பகுதியை எவ்வாறு உணர வேண்டும் என்பதைப் பார்வையாளருக்கு அம்முகங்களே சொல்லிவிடுகின்றன. இப்படத்தில் அவ்வகைக் காட்சிக்கு இடமில்லை. கைதட்டலும் இல்லை. ஒரு கோவை முடிந்தவுடன் காற்றோ அமைதியோ மட்டும் எஞ்சுகிறது.

இதனால் படக்கருவிக்கு வேறு சுதந்திரம் கிடைத்தது. தொடக்கக் காட்சியில் அரங்கின் மேலிருந்து களத்தின் நடுவே சிறு புள்ளிகளாகத் தெரியும் குழுவினரை நோக்கிக் காட்சி மிக மெதுவாக நெருங்குகிறது. எக்கோஸ் கோவையில் தண்டவாளத்தில் நகரும் படக்கருவி ஒலிபெருக்கிகளின் பின்புறமாகச் செல்கிறது. நிகழ்ச்சிக்கு வந்த எவரும் காணமுடியாத பின்பக்கக் கம்பிகளும் பெட்டிகளின் மேல் எழுதப்பட்ட குழுவின் பெயரும் அதில் தெரிகின்றன. ஒரே காட்சி நீண்ட நேரம் வெட்டப்படாமல் தொடர்வதால், கலைஞரின் கைகள் என்ன செய்கின்றன என்பதைத் தொடர்ந்து கவனிக்க இயலுகிறது. இக்காரணத்தால் இசை பயில்வோருக்கும் இப்படம் பயன்படுகிறது.

குழுவினரும் பார்வையாளரை நோக்கி எதுவும் செய்வதில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தும், தம் கருவிகளைப் பார்த்துமே இசைக்கின்றனர்.

வெளியீடும் பதிப்புகளும்

1972 பதிப்பு: எடின்பரோவில் திரையிடப்பட்ட முதற்பதிப்பு சுமார் 60 நிமிட நீளம் கொண்டது. இதில் இசை மட்டுமே உள்ளது. அதே ஆண்டு நவம்பரில் இலண்டன் ரெயின்போ அரங்கில் நடக்கவிருந்த திரையிடல் இறுதி நேரத்தில் கைவிடப்பட்டது.

1974 பதிப்பு: முதற்பதிப்பு திரையரங்குகளுக்குக் குறுகியதாக இருந்ததால், சுமார் 80 நிமிடங்களாக விரிக்கப்பட்டது. இலண்டன் ஏபி ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவினர் த டார்க் சைட் ஆஃப் த மூன் இசைத்தொகுப்பில் பணியாற்றும் காட்சிகளும், உரையாடல்களும், உணவுக்கூடக் காட்சியும் சேர்க்கப்பட்டன. 1973 மார்ச்சில் வெளியான அத்தொகுப்பு உலகில் மிக அதிகமாக விற்பனையான இசைத்தொகுப்புகளுள் ஒன்றாகியது. இதனால் சேர்க்கப்பட்ட காட்சிகள் தனி வரலாற்று மதிப்புப் பெற்றன. 1980களில் வீடியோ நாடாவாக வெளியாகி வீடுகளுக்குச் சென்றது இந்த விரிவாக்கப்பட்ட வடிவமே.

2003 பதிப்பு: இயக்குனரின் பதிப்பு என்னும் பெயரில் டிவிடியாக வெளியானது. சுமார் 90 நிமிட நீளம் கொண்ட இதில் கணினியால் உருவாக்கப்பட்ட பொம்பெய் காட்சிகளும் விண்வெளிக் காட்சிகளும் இசையின் நடுவே சேர்க்கப்பட்டன. முதலில் 4:3 விகிதத்தில் இருந்த காட்சிச் சட்டம் 16:9 அகலத்திரைக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றங்களை இரசிகர்களில் பலர் விரும்பவில்லை. எனினும் அதே தட்டில் 60 நிமிட முதற்பதிப்பும் கூடுதலாகத் தரப்பட்டிருந்தது.

2016 பதிப்பு: குழுவின் தொடக்ககாலப் பதிவுகளைத் தொகுத்து வெளியான த ஏர்லி இயர்ஸ் பேழையில் பொம்பெய்க் காட்சிகள் புதிய ஒலிக்கலவையுடன் இடம்பெற்றன.

2025 பதிப்பு: பிங்க் ஃபிளாய்ட் அட் பொம்பெய் - எம்சிஎம்எல்எக்ஸ்எக்ஸ்ஐஐ என்னும் பெயரில் வெளியானது. பின்னொட்டு 1972 என்பதைக் குறிக்கும் உரோம எண். குழுவின் ஆவணக்காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்ட 35 மி.மீ. மூல நெகட்டிவ் சுருள்களிலிருந்து 4கே தெளிவில் இது மீட்டெடுக்கப்பட்டது. ஸ்டீவன் வில்சன் ஒலியைப் புதிதாகக் கலந்தமைத்தார். 2025 ஏப்ரல் 24 அன்று திரையரங்குகளிலும், மே 2 அன்று ப்ளூ-ரே, குறுந்தகடு, இசைத்தட்டு வடிவங்களிலும் வெளியானது. இதன் இசைத்தொகுப்பு ஐக்கிய இராச்சியப் பட்டியலில் முதலிடம் பெற்றது. படப்பிடிப்பு நடந்து அப்போது 53 ஆண்டுகள் கடந்திருந்தன.

வீட்டில் பார்த்தல்

திரையரங்கில் காட்சியளவும் ஒலியளவும் முன்பே அமைக்கப்பட்டிருக்கும். வீட்டில் அவற்றைப் பார்ப்பவரே அமைத்துக்கொள்ள வேண்டும். இசைப்படங்களைப் பொறுத்தவரை பின்வரும் கூறுகள் கருதத்தக்கவை.

காட்சிச் சட்டம்: 4:3 விகிதப் படத்தை அகலத்திரைத் தொலைக்காட்சியில் முறையாகக் காட்டும்போது இருபுறமும் கருப்புப் பட்டைகள் தோன்றும். அவற்றை நீக்கும் பொருட்டுப் படத்தைத் திரை முழுவதும் நிரப்பினால் இரண்டில் ஒன்று நேரும். படம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு உருவங்கள் பருமனாகும். அல்லது மேலும் கீழும் வெட்டப்பட்டு உயரத்தில் கால் பங்கு இழக்கப்படும். அரங்கின் உயரமான படிவரிசைகளும் களத்தின் மணலும் இப்படத்தின் பொருளோடு பிணைந்தவை. ஆதலால் வெட்டப்பட்ட பகுதி வெறும் விளிம்பு அன்று.

வேகமும் சுருதியும்: திரைப்படங்கள் பொதுவாக நொடிக்கு 24 சட்டங்கள் என்னும் வேகத்தில் ஓடுகின்றன. இந்தியா, இலங்கை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழக்கில் இருந்த பால் தொலைக்காட்சி முறையின் வேகம் நொடிக்கு 25 சட்டங்கள். 24 சட்டப் படத்தை அம்முறைக்கு மாற்றும்போது எளிய வழியாக அதனைச் சுமார் 4 விழுக்காடு வேகமாக ஓட்டுவர். ஒலியும் உடன் விரைவுபட்டால் சுருதி ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் உயர்ந்துவிடும். உரையாடல் படத்தில் இது புலப்படாமல் போகலாம். இசைப்படத்தில், குறிப்பாகப் பாட்டை இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர்க்கும், உடன் சேர்ந்து கிட்டார் வாசிக்க முயல்பவர்க்கும், இது உடனே தெரியும். ப்ளூ-ரே தட்டுகள் 24 சட்ட வேகத்தை நேரடியாக ஏற்பதால் இச்சிக்கலைத் தவிர்க்க முடிகிறது.

இயக்கச் சீராக்கம்: தற்காலத் தொலைக்காட்சிகள் பலவற்றில், இரு சட்டங்களுக்கு இடையே கணிக்கப்பட்ட புதிய சட்டங்களைச் செருகும் வசதி உண்டு. விளையாட்டு ஒளிபரப்புக்கு இது பயன்படும். திரைப்படச் சுருளில் பதிவான காட்சிக்கு இது வீடியோ போன்ற செயற்கைத் தோற்றம் தருவதால், பழைய படங்களைப் பார்க்கும்போது இதனை நிறுத்திவைப்பது நல்லது.

ஒலியின் ஏற்ற இறக்கம்: கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜின் போன்ற கோவைகள் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையிலான வேறுபாட்டின் மீதே கட்டப்பட்டவை. தொலைக்காட்சிகளிலும் ஒலிக்கருவிகளிலும் இரவுநேரப் பயன்பாட்டுக்கெனத் தரப்படும் அமைப்பு மெல்லொலியை உயர்த்திப் பேரொலியைத் தாழ்த்துகிறது. அண்டை வீட்டாருக்கு அது நன்மை. இந்த இசைக்கோ அதன் அமைப்பையே இழக்கச் செய்வது. இரவில் பார்க்க வேண்டியிருப்பின், அவ்வமைப்பைப் பயன்படுத்துவதை விடக் காதொலிப்பான் பயன்படுத்துவது மேல்.

தாழ்சுரங்கள்: நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 41 எர்ட்சு. மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் உள்ளமைந்த சிறு ஒலிபெருக்கிகளால் இதனை உரியவாறு எழுப்ப இயலாது. ஒன் ஆஃப் தீஸ் டேஸ் கோவை முழுவதும் எதிரொலிக் கருவி வழியே செலுத்தப்பட்ட பாஸ் கிட்டாரின் மீது எழுப்பப்பட்டது. அது கேளாதபோது திரையில் மேசனின் டிரம்ஸ் மட்டும் ஓடுவது போல் தோன்றும். பழைய இரண்டு ஒலிபெருக்கி ஸ்டீரியோ அமைப்பை இணைத்தாலும் இக்குறை பெரிதும் நீங்கும். பல்திசை ஒலியமைப்பு இருப்பின், 2025 பதிப்பில் அதற்கெனத் தனி ஒலிக்கலவை உண்டு.

புதிதாகப் பார்ப்பவர்கள் 60 நிமிட முதற்பதிப்பிலிருந்தோ, 2025 பதிப்பிலிருந்தோ தொடங்குவது பொருத்தமாக இருக்கும். குழுவினரின் பணிமுறையை அறிய விரும்புவோருக்கு ஏபி ரோட் காட்சிகள் உள்ள பதிப்புகள் உதவும்.

பிற்காலம்

ரிச்சர்ட் ரைட் 2008 செப்டெம்பர் 15 அன்று காலமானார். எக்கோஸ் கோவையில் கில்மரும் ரைட்டும் இணைந்து பாடியிருந்தனர். 2006 இல் கில்மரின் இசைப்பயணத்தில் இருவரும் அதனைச் சேர்ந்து இசைத்தனர். ரைட் இல்லாமல் இனி அதனை இசைக்கப்போவதில்லை எனக் கில்மர் பின்னர் தெரிவித்தார்.

2016 சூலை 7, 8 ஆகிய நாட்களில் கில்மர் தம் தனிக்குழுவுடன் பொம்பெய் அரங்கில் மீண்டும் இசைத்தார். இம்முறை களத்தில் பார்வையாளர் இருந்தனர். 1971 இல் அங்கு இசைத்தவற்றுள் ஒன் ஆஃப் தீஸ் டேஸ் மட்டுமே இந்நிகழ்ச்சிகளில் இடம்பெற்றது, எக்கோஸ் இடம்பெறவில்லை. இந்நிகழ்ச்சியும் 2017 இல் திரைப்படமாக வெளியானது. இரண்டு படங்களின் பெயர்களும் ஒத்திருப்பதால் வாங்கும்போது குழப்பம் நேரலாம். நிக் மேசன் தம்முடைய சோசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ் குழுவுடன் 2022 முதல் எக்கோஸ் கோவையை மேடைகளில் இசைத்து வருகிறார். 2023 இல் பொம்பெய் அரங்கிலும் நிகழ்ச்சி நடத்தினார்.

நால்வரும் சேர்ந்து இக்கோவையை இசைப்பதை இனி மேடையில் காண இயலாது. 1971 அக்டோபரில் அதனை நேரில் கண்டவர்கள் படப்பிடிப்புக் குழுவினரும், மேடைப் பணியாளர்களும், அரங்கினுள் நுழைந்துவிட்ட உள்ளூர்ச் சிறுவர் சிலருமே ஆவர். ஏனைய அனைவருக்கும் அது தொடக்கம் முதலே திரைவழியாகக் காணும் நிகழ்ச்சியாகவே இருந்து வந்துள்ளது.